சிறுபட்டி என்றொரு சொல்

தமிழில் குறும்பு செய்வோரைச் சுட்டும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குறும்பன், சுட்டி, துடுக்கன், வம்பன், போக்கிரி, வால், அறுந்த வால் என ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அவை மாறிவரும். இவ்வரிசையில் வழக்கொழிந்துபோன ஒரு பழஞ்சொல் ‘சிறுபட்டி’. கலித்தொகையில் ஒரு பெண், தன் தோழியிடம் ஓர் இளைஞனைக் குறித்துப் பேசும்போது ஆண்ட சொல் அது. இன்று அகராதியிலும் வகுப்பறையிலும் மட்டுமே எஞ்சியுள்ள அச்சொல், இன்றைய வாழ்வுக்கு மிகவும் வேண்டிய ஒரு வேறுபாட்டைத் தன்னுள் காத்து வைத்திருக்கிறது. விளையாட்டு எங்கே முடிகிறது, தீங்கு எங்கே தொடங்குகிறது, அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதே அவ்வேறுபாடு.

பட்டியின் இரு பொருள்கள்

சிறுபட்டி என்னும் சொல்லைப் புரிந்துகொள்ளப் பட்டி என்னும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். பட்டி என்றால் ஆடு மாடுகளை அடைக்கும் இடம். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்னும் சொற்கள் இன்றும் சிற்றூர்களில் வழங்குகின்றன. மாட்டுப் பொங்கலைக் கொங்கு நாட்டிலும் ஈழத்திலும் பட்டிப் பொங்கல் என்று வழங்குவர். கால்நடைகள் அடைந்த இடத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் தோன்றியபோது அப்பெயர் ஊர்ப்பெயராகவும் ஆயிற்று. கோவில்பட்டி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அச்சொல்லே நிற்கிறது.

இதே சொல்லுக்கு இதற்கு நேர்மாறான பொருளும் உண்டு. பட்டியில் அடங்காமல், மேய்ப்பவன் இல்லாமல், கண்ட இடத்தில் மேய்ந்து திரியும் மாட்டைப் பட்டிமாடு என்பர். அடைக்கும் இடத்தைக் குறித்த சொல்லே அடங்காத விலங்கையும் குறிக்கிறது. வேலி தாண்டிப் பிறர் விளைநிலத்தில் வாய் வைக்கும் மாட்டின்மீது உழவனுக்குச் சினம் வரும். ஆயினும் அது பகையினால் மேய்வதில்லை. பசியினாலும் கட்டின்மையினாலும் மேய்கிறது. இத்தகைய கட்டற்ற திரிதலை மனிதருக்கு ஏற்றிச் சொன்னபோது, பட்டி என்பது யாருக்கும் அடங்காதவன் என்னும் பொருளைப் பெற்றது. ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் நிறைவுப் பகுதியில் கண்ணனைத் தன் விருப்பம்போல் மேய்ந்து திரியும் கரிய காளையாகக் காண்கிறார். அங்கும் பட்டி மேய்தல் என்னும் வழக்கே ஆளப்படுகிறது.

‘சிறு’ என்னும் அடைமொழி

பட்டி என்னும் சொல் எப்போதும் செல்லமாக ஆளப்பட்டதன்று. திருக்குறளில் கயமை என்னும் அதிகாரத்தில் 1074-ஆம் குறள் ‘அகப்பட்டி’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. கட்டின்றித் திரியும் ஒழுக்கக் கேட்டில் தன்னைவிடக் குறைந்தவனைக் கண்டால், அவனைவிடத் தான் மிஞ்சியவன் என்று கயவன் இறுமாப்புக் கொள்வான் என்பது அக்குறளின் கருத்து. வள்ளுவருடைய வாயில் பட்டி என்பது வசைச்சொல். அதில் சிரிப்பு இல்லை, அருவருப்பு இருக்கிறது.

அதே பட்டி என்னும் சொல், கலித்தொகைத் தலைவியின் வாயில் ‘சிறு’ என்னும் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டதும் தன்மை மாறிவிடுகிறது. சிறு என்னும் அடைமொழி இங்கே வயதை மட்டும் குறிக்கவில்லை. தீங்கின் அளவையும் குறிக்கிறது. ‘அவன் அடங்காதவன்தான், ஆனால் கயவன் அல்லன்’ என்னும் நுட்பமான கணிப்பு அவ்வோர் அடைமொழியில் அடங்கியுள்ளது. வசைச்சொல் ஒன்றை எடுத்து, அதன் கூர்மையைக் குறைத்து, அன்பு கலந்து வழங்கும் இம்முறை தமிழில் இன்றும் தொடர்கிறது. பேரனைப் பார்த்து ‘திருடா’ என்று கொஞ்சும் பாட்டி எந்தக் களவையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கலித்தொகைக் காட்சி

கலித்தொகையின் குறிஞ்சிக்கலி கபிலர் பாடியதாகக் கொள்ளப்படுவது. அதில் அமைந்த 51-ஆம் பாடல் நாடகப் பாங்கில் நிகழ்ச்சிகளை அடுக்கிச் சொல்கிறது. தெருவில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் ஒருவன் காலால் சிதைக்கிறான். கூந்தலில் சூடிய மாலையைப் பிடித்து இழுக்கிறான். விளையாடும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அவனைத்தான் தலைவி சிறுபட்டி என்கிறாள். அவன் செய்தவை வருந்தத்தக்க செயல்கள் என்பதை அவள் மறைக்கவில்லை.

ஆண்டுகள் கழிகின்றன. ஒருநாள் தலைவியும் அவள் தாயும் வீட்டில் இருக்கும்போது, அவன் தண்ணீர் கேட்டு வாயிலில் வந்து நிற்கிறான். பொற்கலத்தில் நீர் கொடுத்துவரும்படி தாய் மகளை அனுப்புகிறாள். நீர் கொடுக்கச் சென்றவளின் வளையணிந்த கையை அவன் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டு, இவன் செய்ததைப் பார் என்று தாயை அழைத்து அலறுகிறாள். தாய் பதறி ஓடி வருகிறாள். அந்நிலையில் மகள் நடந்ததை மறைத்து, தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கல் எடுத்தது என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் தலைவியைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனைக் கள்வனுடைய மகன் என்று சொல்லி அவள் தன் பேச்சை முடிக்கிறாள்.

இப்பாடலைக் காதல் நாடகமாகச் சுவைப்பது பெருவழக்கு. அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், சொல்லின் நோக்கில் பார்க்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. சிறுபட்டி, கள்வன் மகன் ஆகிய இரு பெயர்களையும் அவனுக்கு இட்டவள் தலைவியே. அவன் தன்னைக் குறும்பன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஊரார் அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. தாயும் ‘விளையாட்டுக்குச் செய்திருப்பான்’ என்று மகளை அடக்கவில்லை. மகளின் குரல் கேட்டதும் அவள் பதறி ஓடி வந்தாள். யாருடைய மணல்வீடு சிதைந்ததோ, யாருடைய கை பற்றப்பட்டதோ, அவளே அச்செயலுக்குப் பெயரிட்டாள். அலறியதும் அவள்தான், மறைத்ததும் அவள்தான், பின்னர் தோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவள்தான்.

பெண்ணின் கையைப் பற்றுவதை இலக்கியம் குறும்பு என்று ஏற்றுக்கொள்வது சரியா என்னும் வினா இங்கே எழக்கூடும். அது நியாயமான வினா. பாடலின் தலைவி அவனைச் சிறு வயது முதல் அறிந்தவள். அவன்பால் அன்பு கொண்டவள். அவ்வன்பு அவளிடம் இல்லாதிருந்தால் விக்கல் என்னும் சொல் அவள் வாயிலிருந்து வந்திராது. அச்செயலுக்குப் பெயரும் வேறாகியிருக்கும். எனவே, இப்பாடல் கை பற்றுவோர் யாருக்கும் சான்றிதழ் தருவதன்று. பிறர் மனத்தில் அன்பு இருக்கும் என்று தானே எண்ணிக்கொண்டு எல்லை மீறுவதற்கு இன்றைய வாழ்வில் இடமில்லை என்பதையும் இதனுடன் சேர்த்தே உணர வேண்டும்.

முறையிடுவோரின் குரல்

குறும்பைப் பாதிக்கப்பட்டவரின் குரலிலேயே சொல்லுவது கலித்தொகையோடு நின்றுவிடவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் பருவம் ஒன்று. பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம், தாங்கள் கட்டிய சிறு மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் வேண்டுவதாக அப்பருவம் அமையும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகமும் கண்ணனிடம் சிறுமியர் விடுக்கும் அதே வேண்டுகோளால் ஆனது. பாரதியாரின் கண்ணன் பாட்டில், கண்ணனை விளையாட்டுப் பிள்ளையாகக் காட்டும் பகுதியும் அவனால் தொல்லைக்கு ஆளான பெண்களின் முறையீடாகவே ஒலிக்கிறது.

தெய்வக் குழந்தையாகவே இருந்தாலும், அதன் குறும்பை அதனிடம் சிக்கியவர் வாயால் சொல்ல வைப்பது தமிழ்க் கவிதை மரபில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. சிறுமியரின் மணல்வீடு பெரியோர் கண்ணுக்கு அற்பமானது. கட்டியவர்களுக்கோ அது அன்றைய நாளின் முழு உழைப்பு. அவ்வுழைப்பின் மதிப்பை ஏற்றுக்கொண்ட பின்னரே கவிதை சிரிக்கத் தொடங்குகிறது.

குறும்பு கடந்துவந்த பாதை

சிறுபட்டி மறைந்த இடத்தில் இன்று பெரிதும் வழங்கும் சொல் குறும்பு. இச்சொல்லின் வரலாறும் வியப்புக்குரியது. பழந்தமிழில் குறும்பு என்பது சிற்றரணைக் குறித்தது. அத்தகைய அரண்களில் இருந்துகொண்டு பேரரசுக்கு அடங்காமல் நாட்டை அலைத்த குறுநிலத் தலைவர்களையும் அச்சொல் சுட்டியது. திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்தில் 735-ஆம் குறள், வேந்தனை அலைக்கழிக்கும் ‘கொல்குறும்பு’ இல்லாததே நாடு என்கிறது. கொலைத்தொழில் செய்து அரசை நடுங்கவைத்த கூட்டத்தைக் குறித்த சொல், இன்று பள்ளிப் பையில் நண்பனின் எழுதுகோலை ஒளித்து வைக்கும் சிறுவனைக் குறிக்கிறது. அடங்காமை என்னும் கருத்து மட்டும் நிலைத்திருக்க, அதிலிருந்த கொடுமை காலப்போக்கில் கழிந்துவிட்டது.

சேட்டை என்னும் சொல் வேறொரு வழியில் நடந்தது. செயல், அசைவு என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம் அது. வெறும் அசைவைக் குறித்த சொல் தமிழில் வேண்டாத செயலைக் குறிக்கலாயிற்று. போக்கிரி என்னும் சொல்லோ நெடுங்காலம் ஊருக்கு ஆகாதவனைச் சுட்டிய வசை. தெலுங்கிலும் இதன் இணைச்சொல் உண்டு. 2006-இல் தெலுங்கிலும் 2007-இல் தமிழிலும் வெளிவந்த திரைப்படங்களுக்கு இச்சொல்லே தலைப்பாக அமைந்தது. பெற்றோர் திட்டுவதற்குப் பயன்படுத்திய சொல் கதைத்தலைவனின் பெருமைப் பெயராக மாறிற்று.

இவ்வாறு சொற்களின் பொருள் உயர்வதும் தாழ்வதும் மொழிக்கு இயல்பு. அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பொருள் மாறும் காலத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கொடுமை கழிந்துவிட்ட மென்மையான சொல்லை, கொடுமை கழியாத செயலின்மீது போர்த்திவிட முடியும். அதுபோலவே, கொடிய சொல் ஒன்றைச் சிறிய செயலின்மீது சுமத்திவிடவும் முடியும். இவ்விரு பிழைகளும் இன்று நாள்தோறும் நிகழ்கின்றன.

சிறிய செயலுக்குப் பெரிய சொல்

வகுப்பில் ஓரிடத்தில் அமராத மாணவனைத் தறுதலை என்பதும், கேள்விக்குத் துடுக்காக விடை சொல்பவனை ரவுடி என்பதும், வீட்டுப்பாடம் எழுதாதவனை உருப்படாதவன் என்பதும் பெரியோர் பலருக்கு வாய்ப்பழக்கம். தறுதலை என்றால் அடங்காதவன். ரவுடி என்றால் சட்டத்தை மீறி வன்முறையில் இறங்குபவன். சிறுவன் செய்தது முன்னதன் சிறு பங்குகூட இராது. ஆயினும் சொல் முழுமையாக அவன்மீது விழுகிறது. திரும்பத் திரும்ப ஒரே பெயரால் அழைக்கப்படுபவன், ஒருநாள் அப்பெயருக்குத் தக்கவாறு நடக்கத் தொடங்கினால் அதில் வியப்பில்லை. அவனிடமிருந்து பிறர் எதிர்பார்ப்பதும் அதையே.

பெயர் சூட்டுவதன் கொடுமையை இந்தியா ஒரு சட்டமாகவே கண்டிருக்கிறது. ஆங்கில ஆட்சி 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறிப்பிட்ட சமூகங்களில் பிறந்தோர், எக்குற்றமும் செய்யும் முன்னரே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். செயலைப் பார்த்துப் பெயர் வைக்காமல், பெயரைப் பார்த்துச் செயலைக் கற்பித்த சட்டம் அது. விடுதலைக்குப்பின் 1952-இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அப்பெயரின் நிழல் அச்சமூகங்களை விட்டு எளிதில் அகலவில்லை.

இன்றைய சட்டம் இவ்வகையில் நெடுந்தொலைவு வந்துள்ளது. 1986-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தவறிழைத்த சிறுவரைக் குற்றமிழைத்த இளையோர் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தது. 2015-ஆம் ஆண்டின் சட்டமோ, ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்று குறிக்கிறது. குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் தன்மையுடைய, இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அதன் மூன்றாம் பிரிவு ஓர் அடிப்படை நெறியாகவே வகுத்துள்ளது. உண்மையான குற்றத்தைச் செய்த குழந்தைக்கே சட்டம் இத்துணைச் சொற்கவனம் காட்டும்போது, சுவரில் கிறுக்கிய குழந்தையை ரவுடி என்பது எவ்வகையில் பொருந்தும்?

பெரிய செயலுக்குச் சிறிய சொல்

இதற்கு நேரெதிரான பிழை இன்னும் ஆபத்தானது. தீங்கு ஒன்றைக் கேலி, கிண்டல், விளையாட்டு, குறும்பு என்னும் மெல்லிய சொற்களுக்குள் ஒளித்து வைப்பது அப்பிழை. கல்வி நிலையங்களில் புதிய மாணவர்களை மூத்தோர் துன்புறுத்திய வழக்கத்தைப் பலர் நெடுங்காலம் அறிமுக விளையாட்டு என்றே சொல்லி வந்தனர். அதற்கு வழங்கிய ராகிங் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் கேலி செய்தல் என்பதே அடிப்படைப் பொருள். அந்த ‘விளையாட்டு’ உயிரிழப்பில் முடிந்த பின்னரே சமூகம் விழித்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாண்டுகள் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அதில் இடமுண்டு. அச்சட்டம் ராகிங்கை வரையறுக்கும் முறை இங்கே கருதத்தக்கது. மாணவர் ஒருவருக்கு உடலாலோ உள்ளத்தாலோ தீங்கு, அச்சம், வெட்கம், கூச்சம் ஆகியவற்றை உண்டாக்கும் செயல்களை அது வரையறைக்குள் கொண்டுவருகிறது. கேலி செய்வதையும் குறும்பு விளையாட்டுக்கு ஆளாக்குவதையும் அவற்றோடு சேர்க்கிறது. இயல்பாக ஒருவர் விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும் ராகிங் என்கிறது. செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதைவிட, அச்செயலுக்கு ஆளானவருக்கு என்ன நேர்ந்தது என்பதையே இவ்வரையறை முதன்மையாகக் கொள்கிறது.

ஈழத்தமிழர் இதற்குப் ‘பகிடிவதை’ என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டனர். பகிடி என்றால் வேடிக்கை. வதை என்றால் துன்புறுத்தல். செய்பவருக்கு வேடிக்கையாக இருப்பது படுபவருக்கு வதையாக இருக்கிறது என்னும் உண்மையை இவ்வொரு சொல்லே எடுத்துரைக்கிறது. செய்பவரின் பக்கத்தை மட்டும் சொல்லும் ராகிங் என்னும் சொல்லினும் இது நேர்மையானது.

பெண்களுக்குப் பொதுவிடங்களில் இழைக்கப்படும் கொடுமைக்கும் இவ்வாறே ஒரு மெல்லிய பெயர் இருந்தது. ஈவ்டீசிங் என்னும் அச்சொல், நடப்பது வெறும் சீண்டல் என்னும் எண்ணத்தைத் தந்தது. தமிழ்நாட்டில் 1998-இல் இயற்றப்பட்ட தடைச் சட்டமும் முதலில் அப்பெயரையே தாங்கியிருந்தது. பின்னர் அது பெண்களுக்குத் தொல்லை இழைப்பதைத் தடுக்கும் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சீண்டலைத் தொல்லை என மாற்றியதில் சொல் ஒன்றே மாறியது என்று தோன்றலாம். அம்மாற்றம் யாருடைய நிலையில் நின்று பார்க்க வேண்டும் என்பதையே மாற்றிவிட்டது.

அண்மைக் காலத்தில் கைப்பேசியும் இப்பட்டியலில் சேர்ந்துகொண்டது. வழியில் செல்வோரை அச்சுறுத்தியும் ஏமாற்றியும், அவர்கள் பதறுவதைப் படம்பிடித்துப் பலர் பார்க்கப் பரப்புவதைப் ‘பிராங்க்’ என்கின்றனர். மணல்வீட்டைச் சிதைத்த சிறுவன் தானும் அத்தெருவில் நின்றான், சிறுமியர் அவனைத் துரத்த முடிந்தது, திட்ட முடிந்தது, வீட்டில் சொல்ல முடிந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேர் பார்த்துச் சிரிக்கும் ஒரு காட்சியில் சிக்கிய முதியவருக்கு இவற்றுள் எதுவும் கைகூடுவதில்லை. அவர் படத்தை அழிக்கச் சொன்னால், ‘இது குறும்புதானே ஐயா’ என்னும் விடை வருகிறது.

அளக்கும் முறை

குறும்புக்கும் தீங்குக்கும் இடையே கோடு கிழிக்க இயலுமா? கலித்தொகைப் பாடலே இதற்குச் சில குறிப்புகளைத் தருகிறது. சிதைந்த மணல்வீட்டை மீண்டும் கட்டலாம்; பறித்த பந்தைத் திரும்பப் பெறலாம். திருத்திக்கொள்ள இயலாத இழப்பை உண்டாக்கும் செயல் எதுவும் குறும்பு ஆகாது. அடுத்ததாக, சிறுவனும் சிறுமியரும் ஒரே தெருவில் ஏறத்தாழ ஒத்த நிலையில் விளையாடியவர்கள். வலியவர் எளியவரிடமும், பலர் ஒருவரிடமும், மூத்தவர் புதியவரிடமும் செய்வதற்கு அப்பெயர் பொருந்தாது. எதிர்த்து நிற்க முடியாதவரிடம் காட்டும் துணிவு விளையாட்டு அன்று. இவை எல்லாவற்றினும் முதன்மையானது, பெயரிடும் உரிமை. பாதிக்கப்பட்டவர் குறும்பு என்றால் மட்டுமே அது குறும்பு. செய்தவரோ, வேடிக்கை பார்த்தவரோ, இருவருக்கும் பொதுவான பெரியவரோ அவ்வுரிமையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளுதல் கூடாது.

இவ்வளவு கறாராக அளந்தால் வாழ்வில் சிரிப்பே இராது என்று சிலர் அஞ்சலாம். அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லை. நண்பர்களுக்கு இடையே, உடன்பிறந்தோருக்கு இடையே, ஆசிரியர் மாணவருக்கு இடையேகூட நாளும் நிகழும் குறும்புகள் இவ்வளவையில் எளிதாகத் தேறிவிடும். சிக்கியவரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாள் அவர் முறை வரும். குறும்பு இல்லாத வகுப்பறையையோ வீட்டையோ யாரும் விரும்புவதில்லை. துடுக்கும் துறுதுறுப்பும் அறிவின் அடையாளங்களாகவும் அமைவதுண்டு. அவற்றை அடக்கி ஒடுக்க வேண்டும் என்பதன்று இங்கு வலியுறுத்தப்படுவது. உண்மையான குறும்பு காக்கப்பட வேண்டுமானால், அப்பெயரில் திரியும் தீங்கு அதனின்று பிரிக்கப்பட வேண்டும். இல்லையெனில், ஒரு பக்கம் துறுதுறுப்பான குழந்தை போக்கிரி என்று ஒதுக்கப்படும். மறுபக்கம் துன்புறுத்தியவன் குறும்புக்காரன் என்று தப்பித்துக்கொள்வான்.

சி.வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். அழிவின் விளிம்பில் இருந்த ஏடுகளிலிருந்து ஒரு நூலை மீட்டதோடு, சிறுபட்டி போன்ற சொற்களையும் அவர் மீட்டுத் தந்தார். அச்சொல்லை மீண்டும் பேச்சுவழக்கிற்குக் கொண்டுவருவது எளிதன்று. அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் அதைச் சொன்ன பெண்ணின் அளவறிவு இன்றும் தேவைப்படுகிறது. பட்டி என்னும் வன்சொல்லை முழுதாக வீசாமலும், நடந்த வருத்தத்தை இல்லையென்று மறுக்காமலும், செயலுக்கு ஏற்ற அளவில் ஒரு பெயரை அவள் தேர்ந்தாள். ஒரு மாணவனின் நடத்தையைக் குறிப்பேட்டில் எழுதும் ஆசிரியரும், பிள்ளையைப் பற்றி அண்டை வீட்டாரிடம் பேசும் பெற்றோரும், நண்பனைக் கேலி செய்யும் மாணவரும், தம் வாயில் வரும் சொல்லை ஒருமுறை அவ்வாறு அளந்து பார்க்கலாம்.